பாலம் உயரமா இருந்தா மட்டும் போதுமா?

மொபைல்ல மேப்பைத் திறந்து ‘கிளிப்பர் கோவ்’ என்று தேடிப் பாருங்க. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவில் இரண்டு தீவுகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். தெற்கே இருப்பது யெர்பா புவேனா. பாறை, மரம், நூறு மீட்டருக்கு மேல் உயரமான மேடு. வடக்கே இருப்பது டிரெஷர் ஐலண்ட். ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி நேர் விளிம்பு, தோசைக்கல் மாதிரி தட்டை. இரண்டையும் மேற்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான தரைப்பாதை இணைக்கிறது. அந்தப் பாதைக்குக் கிழக்கே மூன்று பக்கம் அடைபட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த சின்ன நீர்ப்பை ஒன்று இருக்கிறதே, அதுதான் கிளிப்பர் கோவ். சாட்டிலைட் வியூவில் ஜூம் பண்ணினால் தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். அவை நங்கூரம் போட்டு நிற்கிற பாய்மரப் படகுகள். அப்படியே கொஞ்சம் தென்கிழக்கே பார்வையைத் திருப்பினால் பே பிரிட்ஜ்.

அந்தப் படகுக்காரர்களுக்கும் இந்தப் பாலத்துக்கும் நடுவில் என்ன பிரச்சினை வரும் என்பதுதான் இந்தக் கட்டுரை. “வார இறுதியில் படகு ஓட்டுறவங்க கவலையெல்லாம் ஒரு கவலையா?” என்று சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கேட்கலாம். எல்லாமே கோடீஸ்வரர்களின் சொகுசுக் கப்பல் என்று நினைக்காதீங்க. இருபது முப்பது வருஷம் ஓடிய ஃபைபர் கிளாஸ் படகை ஒட்டுப் போட்டு வைத்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிற ஆட்களும் அதில் உண்டு. அதைவிட முக்கியம், இவர்கள் கேட்கிற கேள்வி நம்ம சிலபஸ்ல வராத கேள்வி.

முதலில், ஏன் அந்த இடம்? கோடையில் கலிஃபோர்னியாவின் உள்நாட்டுச் சமவெளி கொதிக்கும். சூடான காற்று மேலே போகும், அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். அதற்கு மலைத்தொடரில் பெரிய வாசல் ஒன்றுதான், கோல்டன் கேட். அதனால் மதியத்துக்கு மேல் விரிகுடா முழுக்க மேற்குக் காற்று சாதாரணமாகவே 20 முதல் 25 நாட் வேகத்தில் அடிக்கும். மணிக்கு 37 முதல் 46 கிலோமீட்டர். நம்ம கடற்கரை மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற காற்றை நினைத்துக்கொள்ளுங்க. திறந்த நீரில் அதில் இரவு தங்க முடியாது.

ஆனால் அலையின் உயரம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்தது இல்லை. காற்று தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறது என்பதும் சேர்ந்துதான் அலையைத் தீர்மானிக்கும். கிளிப்பர் கோவில் தாழ்வான தரைப்பாதையைத் தாண்டிக் காற்று உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் அது ஓடி அலை எழுப்ப அங்கே தூரம் இல்லை. அதனால் கொடி படபடக்கும், டீ கிளாஸ் மட்டும் நகராது. பெருநகரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, காசு கட்டாமல், அலையில்லாத தண்ணீரில் ஓர் இரவு. விரிகுடாவின் நடுப்பகுதியில் இப்படிப்பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு.

இப்போ கொஞ்சம் கணக்கு. நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. அடிமண்ணுக்குள் புதைந்து பிடிக்கிறது. சங்கிலி கிடைமட்டமாக இழுத்தால் புதையும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு நீளம் கயிறோ சங்கிலியோ விடுவார்கள். தாழ்நீரில் 3 மீட்டர் ஆழம், ஏற்றத்துக்கு 2 மீட்டர், படகின் முகப்பு உயரம் 1 மீட்டர் என்று வைங்க. மொத்தம் 6 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர். படகின் நீளம் 10 மீட்டர். காற்றும் நீரோட்டமும் மாற மாறப் படகு நங்கூரத்தைச் சுற்றி வரும், ஆரம் ஏறக்குறைய 40 மீட்டர். பரப்பு கணக்குப் போட்டால் சுமார் 5,000 சதுர மீட்டர். ஒன்றேகால் ஏக்கர்! பத்து மீட்டர் படகு ஒன்று நிம்மதியாகத் தூங்க ஒன்றேகால் ஏக்கர் தண்ணீர் வேண்டும். பக்கத்துப் படகும் அதே திசையில் சேர்ந்து சுற்றும் என்பதால் வட்டங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழலாம். ஆனால் நான்கு மூலையிலும் நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கிற ஒரு கட்டுமான பார்ஜ் சேர்ந்து சுற்றாது. அது ஒன்று வந்து நின்றால் எத்தனை வட்டம் அடிபடும் என்று நீங்களே பேப்பரில் வரைந்து பாருங்க.

பாலம் ஏன் வந்தது

1989 அக்டோபர் 17, லோமா பிரியேட்டா நிலநடுக்கம், அளவு 6.9. பே பிரிட்ஜின் கிழக்குப் பகுதியில் மேல் தளத்தின் ஒரு துண்டு, சுமார் 15 மீட்டர், கீழ்த்தளத்தின் மேல் விழுந்தது. ஒருவர் இறந்தார். பாலம் ஒரு மாதம் மூடப்பட்டது. 1936இல் திறந்த பாலம் அது. பலப்படுத்துவதா, புதுசா கட்டுவதா என்று வருஷக்கணக்கில் பேசி, கடைசியில் யெர்பா புவேனாவுக்கும் ஓக்லாந்துக்கும் நடுவில் உள்ள கிழக்குப் பகுதியை முழுசாகப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது.

எங்கே? பழைய பாலத்துக்கு வடக்கே. மறுபடி மேப்பைப் பாருங்க. வடக்கே என்றால் கிளிப்பர் கோவ் பக்கம்.

இந்த வடக்கு வழித்தடத்துக்கு எதிர்ப்பு வந்தது. அப்போது தீவுகள் அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தன. சான்பிரான்சிஸ்கோ மேயர் வில்லி பிரவுனும் கடற்படையும் இந்தத் தடம் வேண்டாம் என்றார்கள். மண் பரிசோதனைக்குத் துளை போடக்கூடத் தீவில் அனுமதி கிடைக்காமல் வேலை தள்ளிப்போனது. ஆனால் அந்தச் சண்டையின் மையம் நிலம். தீவில் நாளை என்ன கட்டலாம், எந்த இடம் பாலத்துக்கு அடியில் மாட்டும் என்பது. தண்ணீரில் நிற்கிறவனுக்குப் பட்டா கிடையாது.

அப்போ தண்ணீருக்காக யார் பேசுவது? அமெரிக்கச் சட்டப்படி, படகு போகிற எந்த நீர்வழியின் மேலும் பாலம் கட்டக் கடலோரக் காவல் படையின் அனுமதி வேண்டும். 1946இன் பொதுப் பாலச் சட்டம் அதற்கு அடிப்படை. இடமும் வரைபடமும் அவர்கள் ஒப்புதலுக்குப் போகும், பொது அறிவிப்பு வரும், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். சரக்குக் கப்பல் மட்டும் இல்லை, பொழுதுபோக்குப் படகும் ‘நீர்ப்போக்குவரத்து’ என்ற கணக்கில் வரும். இது நல்ல ஏற்பாடு, மறுக்கவே இல்லை.

ஆனால் அந்த வரைபடத்தில் படகுக்காக என்ன எழுதுகிறோம்? செங்குத்து கிளியரன்ஸ் இவ்வளவு, கிடைமட்ட கிளியரன்ஸ் இவ்வளவு. இரண்டு எண். இரண்டுமே *கடந்து போகிற* படகுக்கானவை. *நின்று தங்குகிற* படகுக்கு அந்த டிராயிங்கில் எண்ணே இல்லை. கிளிப்பர் கோவுக்கு வருகிற படகுகளின் பாய்மரம் பெரும்பாலும் இருபது மீட்டருக்குள் அடங்கிவிடும். பிரதான வழியில் பாலத்தின் உயரம் அதற்குத் தாராளம். கிளியரன்ஸ் மட்டும் பார்த்தால் “பாதிப்பு இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நேவிகேஷன் சார்ட்டிலும் ஆழம் எண்ணாக இருக்கும், அடிமண் சேறா மணலா என்று குறிப்பு இருக்கும். “இங்கே நல்லாத் தூக்கம் வரும்” என்று எழுதியிருக்காது.

நங்கூரமும் நங்கூரமும்

சிவில் பசங்களுக்குப் பிடித்த பகுதி இது. சாதாரணத் தொங்கு பாலத்தில் முதலில் கோபுரம், பிறகு கேபிள், அப்புறம் கேபிளில் தொங்கவிட்டபடி தளம். கேபிளின் இரண்டு முனையும் கரையில் பிரம்மாண்டமான கான்கிரீட் நங்கூரத் தொகுதியிலோ பாறையிலோ பிடிபட்டிருக்கும். தளத்தைக் கேபிளே தூக்கிக்கொள்வதால் கீழே தண்ணீரில் பெரிதாக எதுவும் நட வேண்டாம்.

இங்கே அது முடியாது. மேற்கு முனையில் யெர்பா புவேனாவின் பாறை இருக்கிறது. கிழக்கே ஓக்லாந்து வரைக்கும் விரிகுடாச் சேறு. கேபிளைப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. அதனால் தன்நங்கூரத் தொங்கு பாலம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். கேபிள் தரையில் பிடிபடாமல் பாலத்தின் தளத்திலேயே பிடிபடும். தளம் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். 160 மீட்டர் உயரத்தில் ஒரே கோபுரம், பிரதான இடைவெளி 385 மீட்டர், தீவுப் பக்கம் 180 மீட்டர். இந்த வகையில் உலகின் பெரியவற்றில் ஒன்று. பார்க்க அழகு, சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். கேபிள் தளத்தைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும் என்றால் தளம் முதலில் இருந்தாக வேண்டும். தளம் நிற்க வேண்டும் என்றால் கேபிள் இருந்தாக வேண்டும். கோழியா முட்டையா? ஒரே வழி, முதலில் தண்ணீரில் தற்காலிகத் தாங்குகோபுரங்களும் எஃகுச் சட்டகங்களும் நட்டு, அதன்மேல் முழுத் தளத்தையும் கோத்து வைப்பது. அப்புறம் கேபிளைச் சுற்றி இழுத்து, 2012இல் சுமையைக் கேபிளுக்கு மாற்றிய பிறகே தாங்கிகளைக் கழற்றுவது. அதாவது கீழே ஒரு தற்காலிகப் பாலம் கட்டி, அதன்மேல் உண்மையான பாலத்தைக் கட்டினார்கள். அந்தத் தற்காலிகப் பாலம் எங்கே நின்றது? யெர்பா புவேனாவை ஒட்டிய ஆழமான நீரில், ஓக்லாந்து, அலமீடா பக்கமிருந்து கிளிப்பர் கோவுக்கு வருகிற படகுகள் கடக்கும் இடத்திலேயே.

பாலத்தின் வகையை ஒரு கமிட்டி அறையில் தேர்ந்தெடுக்கும்போதே, ஒரு படகுக்காரரின் சனிக்கிழமை வழித்தடமும் வருஷக்கணக்குக்குச் சேர்த்துத் தீர்மானமாகிறது. முடிந்த பாலத்தின் படத்தில் இது தெரியாது. ‘கட்டும் முறை’ என்ற பிற்சேர்க்கையில்தான் இருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? பெர்க்லி பக்கத்துப் படகுகளுக்குத் தொல்லை குறைவு, அவை பாலத்துக்கு வடக்கிலேயே இருக்கின்றன. தெற்கே இருப்பவர்கள் வேலை நடக்கும் இடத்தை உற்றுப் பார்த்துக் கடக்கணும், இல்லையென்றால் மேற்குப் பாலத்துக்கு அடியில் போய் டிரெஷர் ஐலண்டையே சுற்றி வரணும். காவல் படை வாராவாரம் வெளியிடும் கடலோடிகளுக்கான அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பினால் இருட்டில் விளக்கு வைத்த பார்ஜின் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

2002 ஜனவரியில் வேலை தொடங்கியது. 2013 செப்டம்பர் 2இல் புதுப் பாலம் திறந்தது. செலவு 640 கோடி டாலரை ஒட்டி. (திறப்புக்குச் சில மாதம் முன் 96 நங்கூர போல்ட்டுகளில் 32 உடைந்துபோன கதை தனி. மெட்டலர்ஜி படிப்பவர்கள் ‘ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட்’ என்று தேடினால் முதலில் வருவது இதுவாக இருக்கலாம்.) அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பழைய பாலத்தைப் பிரித்தாகணும். அதன் நீரடித் தூண் அடித்தளங்களைக் கட்டுப்பாட்டு வெடியால் தகர்த்தார்கள். பெரிய தூணான ஈ-3 உடைந்தது 2015 நவம்பர் 14 அன்று. மற்றவை 2017 வரை. திறப்பு விழாத் தேதியை வைத்துக் கணக்குப் போட்ட படகுக்காரருக்கு இன்னும் நாலு வருஷம் கிரேன்கள்தான் காட்சி.

சத்தமும் சும்மா இல்லை. ஓக்லாந்து பக்கத்து நீள்பாலப் பகுதிக்கு மட்டும் சுமார் 2.5 மீட்டர் விட்டமும் ஏறக்குறைய 100 மீட்டர் நீளமும் உள்ள 160 எஃகுக் குழாய்களைச் சேற்றுக்குள் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும். படகின் அடிப்பலகையே ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்யும். படகுக்காரருக்கு அது எரிச்சல், மீனுக்கு மரணம். 2000இல் சோதனைக்காகச் சில குழாய்களை அடித்துப் பார்த்தபோதே மீன்கள் செத்து மிதந்தன.

அதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது: குமிழித் திரை. குழாயைச் சுற்றித் துளையிட்ட வளையங்களை இறக்கி, கம்ப்ரஸரால் காற்றை அடித்தால், கீழிருந்து மேல்வரை குமிழிகளால் ஆன ஒரு சுவர் எழும். தண்ணீரின் ஒலி எதிர்ப்பு காற்றைப் போல 3,500 மடங்குக்கு மேல். அந்த எல்லையில் ஒலி பெரும்பாலும் திரும்பி விடும். போதாததுக்கு, தண்ணீரில் ஒரு சதவீதம் அளவுக்குக் குமிழி கலந்தாலே ஒலியின் வேகம் காற்றில் உள்ளதைவிடக் கீழே விழுந்துவிடும். ஈ-3 தூணைத் தகர்த்தபோதும் சுற்றிலும் குமிழித் திரை போட்டார்கள். மீனுக்கு டிராயிங்கில் இடம் கிடைத்த கதை இது. மேற்கு அமெரிக்காவின் மீன்வளத் துறைகளும் நெடுஞ்சாலைத் துறைகளும் சேர்ந்து 2008இல் நீரடி ஒலிக்கு 206 டெசிபல் உச்சம் என்று இடைக்கால வரம்பு வகுத்தன. எண் வந்ததும் அளக்கலாம், அளந்ததும் கேட்கலாம். நிம்மதியான தண்ணீருக்கு அப்படி ஓர் அலகு இன்னும் வரவில்லை.

இன்னொரு பக்கம்

படகுக்காரர்கள் பக்கமே பேசிக்கொண்டிருந்தால் கட்டுரை சாய்ந்துவிடும். கிளிப்பர் கோவ் இயற்கையானது இல்லை. 1936க்கு முன் அங்கே கோவே கிடையாது. யெர்பா புவேனாவுக்கு வடக்கே ஒரு மேட்டுத்திட்டு இருந்தது. விரிகுடாவின் அடியிலிருந்து வாரிய மண்ணை அதன்மேல் கொட்டி, சுமார் 400 ஏக்கரில் செயற்கைத் தீவு உருவாக்கினார்கள். அதுதான் டிரெஷர் ஐலண்ட். 1939இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது, அதற்குக் காரணமே கோல்டன் கேட், பே பிரிட்ஜ் இரண்டும் கட்டி முடித்த கொண்டாட்டம். இரண்டு தீவையும் இணைக்கத் தரைப்பாதை போட்டதில் உருவானது இந்த நீர்ப்பை. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ‘கிளிப்பர்’ நீர்விமானங்கள் இங்கிருந்து பசிபிக்கைக் கடந்தன. பெயர் அப்படி வந்தது. ஆக, பாலம் கட்டின சந்தோஷத்தில் பிறந்த இடத்துக்குத்தான் இன்னொரு பாலம் வேலையால் தொந்தரவு.

படகும் புனிதம் இல்லை. ஆழம் குறைந்த அந்தப் பகுதியில் ஈல்கிராஸ் என்ற கடற்புல் வளர்கிறது, சின்ன மீன்களுக்கு அதுதான் நர்சரி. நங்கூரச் சங்கிலி சுற்றும்போது புல்லை வேரோடு வழித்துவிடும். மேலே போட்ட கணக்கில் அந்த 40 மீட்டர் வட்டத்தை இந்தக் கண்ணோடும் ஒருமுறை பாருங்க. கைவிடப்பட்ட படகுகள் வேறு கோவில் சேர்ந்து, சில மூழ்கியும் போயின. அதன் பிறகுதான் நீண்ட நாள் தங்க முன்அனுமதி வேண்டும் என்ற விதி வந்தது. இலவசமாகவும் கேள்வியில்லாமலும் இருந்த இடம் அப்படி இல்லாமல் போனதற்குப் பாலத்தைக் குறை சொல்ல முடியாது. கோவின் பெரும்பகுதியைத் தனியார் மரினாவாக மாற்றும் திட்டம் ஒன்றும் வந்தது. அங்கே குழந்தைகளுக்குப் பாய்மரம் கற்றுத்தரும் டிரெஷர் ஐலண்ட் செய்லிங் சென்டர் தரப்பிலிருந்து பலத்த எதிர்ப்புக் கிளம்பியது.

அப்போ கவலை வீண்தானா? அப்படியும் இல்லை. கட்டுமானக் காலம் முழுக்கத் தொல்லை நிஜம். ஆனால் பாலம் நின்ற பிறகு கோவ் செத்துவிடவில்லை. மேற்குக் காற்றைத் தடுப்பது தீவு, பாலம் இல்லை. அந்தக் கணக்கு மாறவே இல்லை. இரவில் கோபுரத்தில் விளக்கு எரியும், அதைப் பார்ப்பதற்காகவே இப்போது படகுகள் வருவதும் உண்டு. கிரேன் வந்தபோது திட்டிய அதே ஆட்களாகவும் இருக்கலாம்.

உண்மையில் கோவை மெல்ல மெல்ல மூடுவது வேறொன்று, சேறு. மேற்கே தரைப்பாதை அடைத்திருப்பதால் நீரோட்டம் ஊடுருவிப் போக வழியில்லை. வேகம் இழந்த தண்ணீர் தான் சுமந்து வருவதை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சேற்றுக்குப் பஞ்சமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தங்கத்துக்காக மலைகளைத் தண்ணீர்ப் பீரங்கியால் கரைத்தார்கள், 1884இல் நீதிமன்றம் தடுக்கும்வரை. அந்த மண் ஆறுகள் வழியாக விரிகுடாவுக்கு வந்ததைப் புவியியலாளர் கில்பர்ட் 1917லேயே அளந்து எழுதிவிட்டார். கோவின் வாசலில் இப்போது ஒரு மணல்திட்டு. ஆழமான கீல் உள்ள படகுகள் தாழ்நீரில் அதில் தட்டி நின்றுவிடும், ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் கிளிப்பர் கோவுக்குக் கிளம்புகிறவர்கள் இன்று முதலில் பார்ப்பது பாலத்தை இல்லை, அன்றைய ஏற்றவற்ற அட்டவணையை.